கடும்வெட்டு

விடியக்கால பஸ் பிடித்து
குலசேகரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் வந்தீர்கள், றசலையன் அண்ணே.
நகக்கண்ணில் ரப்பர்ப்பால் காய்ந்து கறுத்திருந்தது.
ஊசிக்குக் கையை நீட்டுமுன்னே சொன்னீர்கள்:
"நான் குடிக்கமாட்டேன் பிள்ளே.
கல்யாண வீட்டுல ஊத்தித் தந்தாலும் தொடமாட்டேன்."
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.
ஊர் கேட்டிருக்கும்.
ஈரலில் கட்டி என்றாலே
பாட்டிலைத்தான் தேடும் ஊர்.

மூன்று வாரம் கழித்து
"பின்னே எப்படி?" என்றீர்கள்.
டாக்டரின் வரிசை வராந்தா தாண்டி நின்றது.
நான் சொல்லத் தொடங்கினேன்,
சொல்லத் தெரியாமல்.

ஒரு வைரஸ், அண்ணே.
அதன் மொத்தப் புத்தகமும்
மூவாயிரத்துச் சொச்சம் எழுத்து.
நாலே நாலு மரபணு.
மூன்றின் வேலை பிடிபட்டது.
நாலாவது, ஆகச் சின்னது, என்ன செய்யும் என்று தெரியவில்லை.
கணக்கில் தெரியாததற்குப் போடுவோமே,
அப்படி எக்ஸ் என்று போட்டார்கள்.

"எக்ஸா,
எஸ்டேட்ல முறிக்கப் போற மரத்துல
சிவப்புப் பெயின்ட்ல போடுவானே, அதா?"

அதேதான் என்று சொல்லியிருக்கக் கூடாது.
சொல்லிவிட்டேன்.

செல்லின் நடு அறையில்
வைரஸின் எழுத்து வளையமாகச் சுருண்டு கிடக்கும்.
அது வாய் திறக்காமல் கட்டிவைக்க
செல்லுக்கென்று காவல் உண்டு.
எக்ஸ் புரதம் காவலோடு மல்லுக்கு நிற்காது.
குப்பை அள்ளும் ஆளின் தோளில் கைபோட்டு
"அந்தா, அதையும் அள்ளு" என்று காட்டும்.
செல் தன் கையாலேயே
தன் காவலை வெளியே கொட்டும்.
கட்டு அவிழும். வளையம் பேசும்.

அதோடு விட்டால் பரவாயில்லை.
எழுத்துப்பிழை திருத்துகிறவனை மறிக்கும்.
பழுதான செல்லைச் சாகச் சொல்கிறவனின் வாயைப் பொத்தும்.
நிற்க வேண்டிய செல்லை
இன்னும், இன்னும் என்று உந்தும்.
வேறு என்னென்ன செய்யும் என்று
இன்னும் முழுசாகத் தெரியாது.

"ஒரே நாள்லயா?"
இல்லை. நாற்பது வருஷம்.

தலையாட்டினீர்கள். மரம் தெரிந்தவர்.
கத்தி பட்டையோடு நின்றால் பட்டை திரும்ப வளரும்,
தடிவரை இறங்கினால் முண்டும் முடிச்சுமாய்த்தான் மூடும்.
ஈரலும் அப்படி மூடி மூடித்தான் இப்படி ஆனது என்று
நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.
"கடைசி வருஷம் கடும்வெட்டு போடுவோம் பிள்ளே.
மேலயும் கீழயும் வெட்டி, இருக்குற பாலை எல்லாம் எடுத்துட்டு
மரத்தை வித்துருவோம்."

பிறகுதான் கேட்டீர்கள், எங்கிருந்து வந்தது என்று.
ரத்தம் ஏற்றினார்களா? இல்லை.
பச்சை குத்தினீர்களா? இல்லை.
அப்போ பெரும்பாலும் பிறக்கும்போது, அண்ணே.
அம்மாவிடமிருந்து.
பிறந்த அன்றே போடும் ஊசி அப்போது இல்லை.
"அவளுக்கு ஒண்ணுமில்லையே."
சிலரை அது ஒன்றும் செய்யாது.

வெளியே பெஞ்சில் உங்கள் அம்மா,
மடியில் குடையும் ஸ்கேன் கவரும்.
கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.
மேசையில் பாரம்.
மதுப்பழக்கம்: உண்டு, இல்லை. இரண்டு கட்டம்.
"உண்டுல ஒரு எக்ஸ் போட்டுரு பிள்ளே."

முடியாது என்றேன்.
இல்லை என்பதில் டிக் போட்டேன்.
"சரி. பிள்ளைகளை வியாழக்கிழமை கூட்டிட்டு வாறேன்.
அம்மைக்கு ரத்தம் எடுத்தா
சுகர் பாக்கன்னு சொல்லு."

எழுந்து போனீர்கள்.
கதவு முழுதாகச் சாத்தவில்லை.
"அப்பப்போ கொஞ்சம் குடிச்சேன்ம்மா,
ஒனக்குத் தெரியாம."
அதைக் கேட்டேன்.
அடி விழுந்ததையும் கேட்டேன்.

நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.